ஆறு பேர் சேராத சஹன்

கல்யாண வீட்டில் எல்லோரும் மணமகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் சாப்பாட்டுப் பந்தியின் கடைசிப் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே மூன்று பேரோ நான்கு பேரோ கையைக் கழுவிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் சஹன்தான். அகன்ற தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஆறு பேர் சேர்ந்தால்தான் தட்டு வரும். சேராவிட்டால் பரிமாறுகிறவர்கள் "ஆள் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விடுவார்கள். அவர் உடனே எழும்புவார். வாசலில் செருப்புத் தேடுகிற மாமியை இழுத்து வருவார், குசினிக்குள் கோப்பை கழுவுகிறவளை இழுத்து வருவார், ஒருவரும் கிடைக்காவிட்டால் தானே இரண்டாம் தடவை உட்கார்ந்துவிடுவார். என்னையும் ஒரு நாள் அப்படி இரண்டாம் தடவை உட்கார வைத்தார். அன்றைக்குக் கடைசியில் வரும் இனிப்பான வட்டிலப்பத்துக்கு வயிற்றில் இடமில்லாமல் போன கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவரை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். இங்குள்ள முஸ்லிம் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. நாங்கள் வேலை செய்யும் அலுவலகத்தில், எங்கள் கந்தோரில், எல்லோருக்கும் அவர் ராத்தாதான். அவரைவிட எவ்வளவோ மூத்த செயலாளரே, "ராத்தா, அந்தக் கடதாசி எங்க?" என்பார். பெயரை எழுதினால் தொலைபேசியில் சண்டைக்கு வருவார் என்பதால் நானும் ராத்தா என்றே எழுதுகிறேன்.

முந்தலில் இறால் பண்ணைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று. அதில் நான் தண்ணீரையும் இறாலையும் சோதிப்பவள், அவர் கணினி பார்ப்பவர். சங்கத்துப் பண்ணைகள் எல்லாம் கடலோரக் களப்பில் இருந்து வரும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் எடுக்கின்றன. ஒரு குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும், வாய்க்காலில் இருந்து அடுத்தவர் குளத்துக்குப் போகும், சில நாளில் அங்கேயும் இறால் கரையொதுங்கிச் சாகும். ஆகவே நோய் தெரிந்ததும் எல்லோரும் மதகை மூட வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை. 'மதகை மூடுங்கள்' என்று எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் செய்தி அனுப்புவது ராத்தாவின் ஸ்கிரிப்டின் வேலை.

அந்த ஸ்கிரிப்ட் பேர்ல் என்ற பழைய கணினி மொழியில் எழுதியது. தொடங்கி வைத்த பெடியன் பாதியில் விட்டுவிட்டு அவுஸ்திரேலியா போய்விட்டான். ராத்தா கொழும்பில் ஒரு கம்பனியில் இதே பேர்லில் வேலை செய்துவிட்டு, உம்மாவுக்குச் சுகமில்லை என்று இங்கே திரும்பி வந்தவர். வேறு யாராவது கந்தோருக்கு வந்து "இந்தக் காலத்தில் இன்னும் பேர்லா?" என்று சிரித்தால், "ஓடுற வண்டிய ஏன் கழட்டணும்?" என்பார். அதற்கு மேல் வாதாட மாட்டார். எனக்கு வாதாடப் பிடிக்கும், அதனால் அவருக்காக நான் வாதாடுவேன், ஒன்றும் விளங்காமலே.

ஸ்கிரிப்டைத் திறக்கும்போது மேசையில் எப்போதும் தேநீர்க் கோப்பைகள் வேண்டும், குடிப்பதற்கு அல்ல. அரே என்றால் என்ன, லூப் என்றால் என்ன என்று நான் ஒரு நாள் கேட்டேன். கோப்பைகளை வரிசையாக அடுக்கினார். "இந்த வரிசதான் அரே," என்றார். விரலால் ஒவ்வொரு கோப்பையாகத் தொட்டுக்கொண்டு போனார். "இது லூப். நடுவுல இரிக்கிறவங்களுக்கு ஒரு நாளும் ஒண்டும் ஆகாது தங்கச்சி. பிழை எப்பவும் தலையிலயும் வாலுலயும்தான்." அவர் சொன்ன பிழை நடுவிலும் நடந்தது, அதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

தலையில் நடந்தது இப்படி. வாய்க்கால் வாயிலேயே பண்ணை வைத்திருக்கும் சிலாபத்துச் சிங்கள மாத்தயா ஒருவர் கந்தோர் வாசலில் ஓட்டோவை நிறுத்தி, இறங்கும்போதே சத்தம் போட்டார். எல்லாருக்கும் செய்தி வருகிறதாம், தனக்கு மட்டும் இல்லையாம். "மட்ட விதரக் நே! சந்தா காசு நான் முதல் கட்டுறது. வாய்க்கால்ல நான் முதல் ஆள். எனக்கு மட்டும் இல்லையா?"

ராத்தா ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மாத்தயா, மெஷின் சைபர்ல இருந்துதான் எண்ணும். முதல் ஆள்தான் சைபர். இத எழுதின தம்பி ஒண்டுல இருந்து எண்ணியிரிக்கார். அதனால நீங்க வாசல்லயே நிண்டுட்டீங்க."

"நான் சைபரா?" என்று கேட்டார் மாத்தயா. அவருக்குச் செய்தி வராததைவிட அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. ராத்தா ஒன்றைச் சைபராக மாற்றிவிட்டு, அவருக்குக் கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, முதல் செய்தியை அவர் கண்முன்னாலேயே அனுப்பிக் காட்டினார். தொலைபேசி அடித்ததும் மாத்தயாவின் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு கந்தோருக்கு வரும்போதெல்லாம் "சைபர் ஆவா," சைபர் வந்துவிட்டது, என்று தானே சொல்லிக்கொண்டு வருவார்.

நடுவில் நடந்தது வேறு கூத்து. அடுத்தடுத்த பண்ணைக்காரர் இரண்டு பேர் இறாலை விட்டுவிட்டுத் தென்னை வைத்தார்கள். ராத்தா லூப் ஒன்று எழுதி, விலகியவர்களை அரேயில் இருந்து நீக்கினார். ஒருவர் போனார், மற்றவர் போகவில்லை. தென்னந்தோட்டத்தில் நின்று கொண்டு அந்த மனிதர் தொலைபேசி எடுத்து, "பிள்ளை, மதகை மூடச் சொல்லி வந்திருக்கு. எந்த மதகு? எனக்கு இப்ப கிணறுதான் இருக்கு" என்றார்.

ராத்தா கோப்பைகளை அடுக்கினார். ஒன்றை எடுத்தார், மற்றவற்றை இடைவெளி மூடத் தள்ளினார். "ஒருத்தர எழுப்பினா பக்கத்துல இரிக்கிறவர் அவர்ட இடத்துக்குத் தள்ளி உக்காருவார். லூப் அதக் கவனிக்காது, அடுத்த இடத்துக்குப் போயிரும். தள்ளி உக்காந்தவர் தப்பிருவார்." பிறகு கடைசிக் கோப்பையில் விரலை வைத்துப் பின்னோக்கி வந்தார். "வாலுல இருந்து எழுப்பிட்டு வந்தா ஒருத்தரும் தப்ப மாட்டாங்க." அப்படியே திருத்தினார். தென்னைக்காரர் பட்டியலை விட்டுப் போனார். மிச்சம் சரியாக முப்பது பண்ணை.

இவ்வளவு வேலை செய்தும் ஒரு உயிருள்ள இறாலை அவர் தொட்டதில்லை. என் சோதனை அறைக்குள் வாளி இருந்தால் வாசலுக்கு வெளியே நின்றுதான் கதைப்பார். ஒன்று துள்ளினால் "யா அல்லாஹ்!" என்று நாலடி தள்ளிப் போவார். பொரித்து வைத்தால் மட்டும் எனக்கு மிஞ்சாது.

ஆள் விடுபடக்கூடாது என்ற இந்தக் குணம் எனக்கு எப்போதும் இனித்ததில்லை. ஒரு தடவை சங்கத்துப் பயணம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மத்தியானப் பூசைக்கு முன்னர் என்னை முன்னேஸ்வரம் கோயிலடியில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சிலாபத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது ஒரு பண்ணைக்காரர் திரும்பி வரவில்லை. ராத்தா பஸ்ஸை விடவில்லை. சாரதி முணுமுணுத்தார், நான் வாய்விட்டே கத்தினேன். கடைசியில் அந்த மனிதர் மச்சானுடைய மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் கோயிலடியில் இறங்கும்போது நடை சாத்தியிருந்தது.

"உங்களால பூசையும் போச்சு," என்றேன்.

"சாமி பின்னேரமும் அங்கதான் இரிப்பார் தங்கச்சி. நாம போனப்புறம் அந்த மனிசன் வந்திருந்தா றோட்டுலயில்ல நிண்டிருப்பார்?"

சொல்லிவிட்டு அவரும் என்னோடு இறங்கிவிட்டார். கோயில் வீதியில் இருந்த கடையொன்றில் குளிர்பானம் வாங்கித் தந்து, பின்னேரம் நடை திறக்கும்வரை கூடவே இருந்தார். அன்றைக்குத்தான் ஒரே ஒரு தடவை மன்னார்க் கதையைச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னார் முஸ்லிம்களை எல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவர் சின்னப்பிள்ளை. கடற்கரைக்கு வந்த வள்ளம் நிறைந்ததும் புறப்பட்டுவிட்டது. உம்மாவும் வாப்பாவும் தம்பிமாரும் ஏறிவிட்டார்கள், இவரும் சாச்சியும் கரையில். அடுத்த வள்ளத்தில் ஏற்றுவோம் என்றார்கள். அதேபோல் ஏற்றினார்கள். கற்பிட்டியில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

"ஒருத்தரும் மௌத்தாகல்ல, ஒண்டும் ஆகல்ல," என்றார். "ஆனா மத்த வள்ளம் வரும்வரைக்கும் நான் கரையில நிண்டேன் பாருங்க, அது மட்டும் இன்னும் போகல்ல."

 நானும் வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து வந்த வீட்டுப் பிள்ளைதான். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கடற்கரைக்கே இப்போது அவர் திரும்பிப் போய்விட்டார். வாப்பாவின் பழைய காணியில் வீடு கட்டி, மன்னாரில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்துக்கொண்டு இருக்கிறார். தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முதல், "சங்கத்துல கடைசியா சேர்ந்தவர் யாரு? செய்தி போகுதா?" என்றுதான் கேட்பார்.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது எனக்கும் என் அத்தானுக்கும் நன்றாகத் தெரியும்.

செய்தி அனுப்பித் தரும் கம்பனி எல்லா இலக்கத்தையும் ஒரே தடவையில் ஏற்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அதற்காக ராத்தா பழைய ஸ்கிரிப்டில் தானே ஒரு பகுதி எழுதினார். வரிசையில் இருந்து ஆறு பேரை எடு, அனுப்பு, மறுபடி ஆறு பேரை எடு. நான் பின்னால் நின்று பாண் தின்றுகொண்டு பார்த்தேன்.

"ஏன் ராத்தா ஆறு? பத்தாய்ப் போட்டால் கெதியா முடியுமெல்லோ?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இதற்கும் ஒரு காரணம் வேண்டுமா என்று அப்போதுதான் யோசிக்கிறவரைப் போல இருந்தார்.

"ஆறுதானே தங்கச்சி?"

நான் விட்டுவிட்டேன். முப்பது பண்ணைக்கும் செய்தி ஒழுங்காகப் போனது. போகாமல் என்ன செய்யும், முப்பதை ஆறு ஆறாகப் பிரித்தால் மிச்சமே வராது.

முப்பத்தோராவது ஆளாகச் சேர்ந்தவர் என் அத்தான், அக்காவின் புருசன். இன்னொருவரின் குளத்தில் பங்குக்கு நின்று இரண்டு போகம் இறால் வளர்த்தார், இரண்டும் நோயில் போயிற்று. கடைசியாக வாய்க்காலின் அந்தத்தில் கைவிட்டுக் கிடந்த குளம் ஒன்றைத் தன் பெயரில் எடுத்து, கரை கட்டி, குஞ்சு விட்டார். இதுவும் போனால் கட்டாருக்குப் போவது என்று முடிவு. கடவுச்சீட்டு எடுத்தாகிவிட்டது, அலுமாரிக்குள் இருந்தது. அக்காவுக்கு அந்த அலுமாரியைத் திறக்கவே பிடிக்காது. ஒரு நாள் என்னிடம், "குளம் தப்பினால் இவர் என்னோடை இருப்பார். தப்பாட்டி வீடியோவிலதான் பிள்ளையள் தகப்பனைப் பாக்கவேணும்," என்றாள்.  "செய்தி நேரத்துக்கு வரும் அக்கா, யோசியாதை," என்றேன்.

அத்தானின் பெயரை அரேயில் சேர்த்த அன்று ராத்தா பட்டியலைத் திரையில் எழுப்பி, வழக்கம்போல் கடைசி வரியில் விரலை வைத்தார். "இந்தா இரிக்கார் உங்கட அத்தான். வாலுல பத்திரமா இரிக்கார்." பெயர் அங்கே இருந்தது உண்மைதான். பெயரை எழுதிவைக்கும் லூப் வேறு, செய்தியை அனுப்பும் லூப் வேறு. அதை இரண்டு பேரும் நினைக்கவில்லை.

நோய் வந்தது பறுவத்தை, அதாவது முழுநிலவை, ஒட்டிய ஒரு நாளில். அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு கடல் பெருகி வாய்க்காலில் வெள்ளம் நன்றாக ஏறும், குளத்துக்குத் தண்ணீர் எடுக்க எல்லோரும் காத்திருக்கும் நேரம். வாய்க்கால் வாய்ப்பக்கம், மாத்தயாவுக்கு அடுத்த பண்ணையில் இருந்து கொண்டுவந்த இறாலைக் காலையில் நான் சோதித்தேன். வெள்ளைப்புள்ளி. ஓடிப்போய் ராத்தாவிடம் சொன்னேன். அவர் ஸ்கிரிப்டை ஓட்டினார். 'அனுப்பி முடிந்தது' என்று திரையில் வந்தது. மாத்தயா உடனே தொலைபேசி எடுத்து, "சைபர் மூடிவிட்டது" என்றார். எங்களுக்கு மனம் ஆறியது. கந்தோரில் இருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு, இரண்டு பேருக்கும் அழைப்பு. போனோம்.

பெண்கள் பக்கத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பாயில் நான்கு பேர் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிற அம்மா, "ஆள் வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். ராத்தா எழும்பி அந்தப் பாயை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

"என்ன ராத்தா, இண்டைக்கு ஆள் அம்பிடேல்லையோ?" என்று நான் பகிடியாகக் கேட்டேன்.

"தங்கச்சி, நம்மட பண்ணை இப்ப எத்தின?"

"அத்தானோடை முப்பத்தொண்டு."

"அஞ்சு சஹன். மிச்சம் ஒருத்தர்." அவருடைய முகம் வெளிறிவிட்டது. "ஆறு பேர் இரிந்தா மட்டும் அனுப்பு எண்டு எழுதியிரிக்கன். ஆறு பேர் சேராட்டி அது அனுப்பாது. இங்க எண்டா நான் போய் ஆள் கூட்டிட்டு வருவன். அங்க யாரு கூட்டிட்டு வாறது?"

மிச்சமான அந்த ஒருவர் யார் என்று நான் கேட்கவில்லை. அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அக்காவுக்கு எடுத்தேன். "அவர் வெள்ளம் ஏறுது எண்டு மதகடிக்குப் போட்டார். போன் சேட்டோடை வாடிக் கொட்டிலுக்குள்ள கிடக்கும்," என்றாள். ஏன் என்று கேட்டாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். ராத்தா அதற்குள் தெருவில் இறங்கி ஒரு ஓட்டோவை மறித்திருந்தார். அவர் வாழ்க்கையில் நிரம்பாத சஹன் ஒன்றைப் பார்த்தும் பாராமல் விட்டு வந்தது அன்றைக்குத்தான்.

ஓட்டோ வாய்க்கால் கரைவரைதான் போகும். அதற்கு மேல் வரம்பில் ஓட வேண்டும். ராத்தா அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். கல்யாணத்துக்குப் போட்ட செருப்பு சேற்றில் ஒன்று போயிற்று, மற்றதை அவரே கழற்றி எறிந்தார். தூரத்தில் அத்தான் தெரிந்தார். வாய்க்கால் மதகில் பலகையைக் கழற்றியிருந்தார், தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்தத் தண்ணீர் நேரே இறாலிடம் போவதில்லை. முதலில் தெளிய வைக்கும் சின்னக் குளம், அதற்கு அப்பால் இன்னொரு மதகு, அதற்கும் அப்பால்தான் இறால் நிற்கும் குளம். தண்ணீர் குறைந்திருந்ததால் அத்தான் அன்றைக்கே இரண்டாவது மதகையும் திறக்க நினைத்து, கையில் கம்பியோடு அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"திறக்காதீங்க! தம்பி, திறக்காதீங்க!" என்று ராத்தா கத்தினார். அத்தான் பாம்பு என்று நினைத்துக் கம்பியை ஓங்கிக்கொண்டு தன் காலைச் சுற்றிப் பார்த்தார். "நோய்! வாய்க்கால்ல நோய்!" என்று நான் கத்தினேன். அது விளங்கியது. கம்பியைப் போட்டுவிட்டு முதல் மதகுக்கு ஓடி வந்து பலகையை இறக்கினார். தண்ணீர் வேகத்தில் பலகை பள்ளத்தில் இறங்க மறுத்தது. ராத்தா யோசிக்காமல் தண்ணீருக்குள் இறங்கி மற்ற நுனியை அமத்தினார். நானும் இறங்கினேன். மூன்று பேரின் பாரத்தில் பலகை உட்கார்ந்தது. அப்போது ராத்தா, "என்ட கால்ல என்னமோ ஊருது!" என்றார். அது வாய்க்காலோடு வந்த இறால்தான். நான் சொல்லவில்லை.

கரையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவர் அழுதார். "என்ட பிழை தம்பி. ஆறு பேர் சேர்ந்தாத்தான் செய்தி போகும் எண்டு எழுதிட்டன். நீங்க ஒருத்தர் மட்டும் மிச்சம்."

அத்தான் சேற்றுக் கையால் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் வராத அஞ்சு பேருக்காகக் காத்துக்கொண்டு இருந்தனானோ?"

"ஓம் அத்தான்," என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பயம் போன பிறகு வரும் சிரிப்பு, அடக்க முடியவில்லை. ராத்தா அழுதுகொண்டே சிரித்தார். சின்னக் குளத்துத் தண்ணீரை அசைக்காமல் பூட்டி வைத்து மருந்து போடச் சொன்னேன். பிறகு வந்த கிழமைகளில் நான் மறுபடி மறுபடி சோதித்தேன், இறால் குளத்தில் ஒரு புள்ளியும் இல்லை.

அத்தானும் வாடியில் கிடந்த சேட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடு ஓட்டோவில் ஏறினார். திரும்பி வரும் வழியில் ராத்தா ஓட்டோவைக் கந்தோரில் நிறுத்தினார். பசியில் எனக்குக் கண் இருட்டியது. "சாப்பிட்டிட்டு வந்து திருத்துவம் ராத்தா," என்றேன். "நாம சாப்பிடுற நேரத்துல இன்னொரு நோய் வந்தா?" என்றார். சேற்றுக் காலோடு கதிரையில் உட்கார்ந்து அந்த வரியைத் தேடினார். 'ஆறு பேராவது இருக்கும்வரை' என்று எழுதியிருந்த நிபந்தனையில் அந்த ஆறை அழித்தார். 'ஆள் இருக்கும்வரை' என்று அது நின்றது. ஆறு பேர் இருந்தால் ஆறு பேரை எடுக்கும், இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரை எடுக்கும். புதிதாக ஒரு எழுத்தும் எழுத வேண்டியிருக்கவில்லை.

பிறகு சோதித்தார். முதலில் அத்தானை மட்டும் அரேயில் விட்டு ஓட்டினார். வாசலில் நின்ற அத்தானின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. 'மதகை மூடுங்கள்.' அத்தான் தொலைபேசியைப் பார்த்து, "மூடியாச்சு," என்று பதில் சொன்னார். அடுத்ததாக அரேயை வெறுமையாக்கி ஓட்டினார். ஒருவரும் இல்லை, ஒன்றும் போகவில்லை, ஸ்கிரிப்டும் சண்டை பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் எழும்பினார். அடுத்த சங்கக் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் எழும்பி நின்று, பிழை தன்னுடையது என்று சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தபோது மாத்தயா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது.

அத்தான் அந்தப் போகம் இறால் பிடித்தார். இப்போதும் இங்கேதான் இருக்கிறார், கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது, அக்கா அலுமாரியைத் தாராளமாகத் திறக்கிறாள். ஆனால் ராத்தாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்றைய பின்னேரம்தான்.

கல்யாண வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார ஹாஜியார் ராத்தாவின் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிடாம போனீங்களாம், வாங்க, வாங்க" என்றார். அத்தானையும் விடவில்லை. எங்களைப் பெண்கள் பக்கம் அனுப்பினார்கள். அத்தானை ஆண்கள் பந்தலில் விரித்தபடி கிடந்த ஒரே பாயில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு திரைச்சீலை.

அத்தான் சேறு போகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து தனியாக உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, காலையில் இருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால், "கொஞ்சம் இரிங்க, ஆள் வரட்டும்" என்றார்.

ஊரே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. இனி எங்கே இருந்து ஆள் வரும்? அத்தான் பழகாத இடத்தில் வாய் திறக்க மாட்டார். "ஓம், பறவாயில்லை, இருக்கிறன்," என்றார்.

ராத்தா இந்தப் பக்கம் ஈரக் கையோடு நின்றார். திரைச்சீலையின் ஓரத்தைத் தூக்கினார்.

"வைங்க," என்றார்.

"ஒரு ஆள்தானே ராத்தா, எப்பிடி சஹன் வைக்கிறது?"

"ஒருத்தர் எண்டாலும் வைங்க. இரிக்கிற ஆளுக்கு வைங்க."

அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பரிமாறுகிறவர் குசினிக்குப் போய் ஆறு பேருக்கான முழுச் சஹனைக் கொண்டுவந்து அத்தானின் முன்னால் வைத்தார். அத்தான் அந்தச் சோற்றுக் குவியலைப் பார்த்து மிரண்டுபோய் இருந்தார். ஹாஜியார் பார்த்தார். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வெற்றிலையும் போட்டிருந்தவர், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அத்தானுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். "கை வைங்க தம்பி," என்றார். பரிமாறுகிறவரும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார்.

ராத்தா திரையை விட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். எங்கள் தட்டிலும் இரண்டே பேர்தான். அவர் ஆள் தேடி எழும்பவில்லை.

"சாப்பிடுங்க தங்கச்சி," என்றார்.

நான் முதல் வேலையாக வட்டிலப்பத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.